ஓநாய்க்கும் ஒரு முறை வேணும்



இந்தக் கிழமை எபிசோடின் கடைசியில் ஒரு கேள்வியை வாசித்துவிட்டு, "இதுக்கு நியூஸ்லெட்டரில பதில் எழுதிறம்" என்று சொல்லித் தப்பிவிட்டோம். கேள்வி இதுதான்: "போல்டர்ஸ் கேட் 3 இல என்ட ஓநாய் ஓடி ஓடிக் கடிக்குது. அதே மாதிரி ஒரு ரேஞ்சரை நண்பர்களோட மேசையில விளையாடினா, ஓநாய் சும்மா பார்த்துக்கொண்டு நிக்குது. ஏன்? எங்கட ஜி.எம். அநியாயம் செய்யிறாரா?"

சுருக்கமான பதில்: இல்லை, அவர் பெரும்பாலும் புத்தகத்தில் இருக்கிற விதிப்படிதான் நடக்கிறார். ஆனால் விதிப்படி நடந்தால் மட்டும் நியாயமாகிவிடாது. இதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன். அந்தக் கதையும் கீழே இருக்கு.

மேசை விளையாட்டு, ஒரு நிமிஷத்தில்

பழக்கம் இல்லாதவர்களுக்காக. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை விளையாட்டுகளுக்கு மூத்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் ஜி.எம்., அதாவது கேம் மாஸ்டர். உலகமும் எதிரிகளும் அவர் பொறுப்பு. சண்டை வந்தால் முறை வைத்து விளையாட வேண்டும். உங்கள் முறையில் நீங்கள் நகரலாம், ஒரு ஆக்‌ஷன் செய்யலாம்: வெட்டலாம், மந்திரம் போடலாம், ஓடலாம். சில திறமைகள் இருந்தால் கூடவே ஒரு சின்ன போனஸ் ஆக்‌ஷனும் கிடைக்கும்.

இந்த விளையாட்டில் பெரிய சொத்து வாளும் இல்லை, தங்கமும் இல்லை. ஆக்‌ஷன்தான். ஐந்து பேர் சேர்ந்து தங்களைவிடப் பலமான ஒரு பூதத்தை விழுத்துவதற்குக் காரணம், பூதம் ஒரு அடி போடுகிற நேரத்துக்குள் இவர்கள் ஐந்து அடி போடுவதுதான். இப்ப யோசியுங்கோ: ஒரு ஆளிடம் மட்டும் ஒரு ஓநாயும் இருக்கு, அதுக்கும் தனி ஆக்‌ஷன் இருக்கு என்றால், அவர் ஒருவரே இரண்டு பேர். பிரச்சினை இங்கேதான் தொடங்குது.

கணினிக்குத் தாராள மனசு

2023இல் வந்த போல்டர்ஸ் கேட் 3, டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பு விதிகளின் மேல் கட்டப்பட்டது. ஆனால் எல்லா விதியும் அப்படியே இல்லை. அதில் பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சரின் மிருகத்துக்குத் தனி முறை உண்டு. உங்களுடைய ஆக்‌ஷனில் இருந்து ஒன்றும் கழியாது.

அப்படிக் கொடுக்க கணினியால் முடியும். டைஸ் உருட்டுவது, கூட்டுவது, ஹிட் பொயின்ட் கழிப்பது எல்லாம் கண்மூடித் திறக்கிறதுக்குள் முடிந்துவிடும். தனியாக விளையாடினால் உங்களுக்காகக் காத்திருக்க வேறு ஆளும் இல்லை.

மேசையில் கணக்கு வேறு. ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வையுங்கோ. ஓநாய்க்கும் தனியாக இரண்டு நிமிஷம் கொடுத்தால், ரேஞ்சருக்கு ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம். ஐந்து சுற்றுச் சண்டை முடியும்போது மற்றவர்களுக்குத் தலைக்குப் பத்து நிமிஷம், ரேஞ்சருக்கு இருபது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, ஒரு மணித்தியாலம் ரயிலில் வந்து இருக்கிற நண்பனுக்கு, இன்னொருவரின் ஓநாய் எந்தக் கட்டத்துக்கு நகரலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பது பொழுதுபோக்கு இல்லை.

விதி எழுதியவர்கள் ஆடிய ஊஞ்சல்

இந்தச் சிக்கலைத் தீர்க்க, விதி எழுதியவர்கள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்திருக்கிறார்கள்.

2003இல் வந்த 3.5 பதிப்பில் மிருகத் துணை பலசாலி. முதலாம் லெவல் ட்ரூயிட்டுக்கே ஒரு ஓநாய் கிடைக்கும். அதற்குச் சராசரி 13 ஹிட் பொயின்ட். அதே லெவலில், நல்ல உடம்புள்ள ஒரு போர்வீரனுக்கு 12 அளவில்தான் இருக்கும். அதாவது ட்ரூயிட்டின் நாய்ச்சாதி, பக்கத்தில் வாளோடு நிற்கிற ஆளுக்குச் சமம். ட்ரூயிட் மந்திரமும் போடுவார். வாளோடு நிற்கிறவருக்கு, 'அப்ப நான் எதுக்கு?' என்று தோன்றும்தானே.

2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது ஊஞ்சல் மறுபக்கம் போனது. பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சருக்கு மூன்றாம் லெவலில் ஒரு மிருகம் கிடைக்கும். ஆனால் அது கடிக்க வேண்டுமென்றால் உங்கள் ஆக்‌ஷனைச் செலவழித்துக் கட்டளை இட வேண்டும். நீங்கள் அம்பு விட்டால் ஓநாய் கடிக்காது. ஓநாய் கடித்தால் நீங்கள் அம்பு விட முடியாது. ஐந்தாம் லெவலுக்குப் பிறகுதான் இரண்டும் கொஞ்சம் சேரும். கட்டளை இல்லாவிட்டால் நகரும், ஆனால் ஒரு ஆக்‌ஷனும் செய்யாது என்றுதான் முதல் அச்சில் இருந்தது. எசமானுக்கு முன்னால் பூதம் நின்றாலும், சொல்லாமல் கடிக்காத ஓநாய்! பிறகு வந்த திருத்தத்தில், கட்டளை இல்லாவிட்டால் அது அடி தவிர்த்து விலகி நிற்கும் என்று மாற்றினார்கள். எங்கள் நேயரின் ஓநாய் சும்மா நிற்பதற்குக் காரணம் இந்த விதிதான்.

2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு கணக்கை நேராகப் போட்டது. அதில் எல்லாருக்கும் முறைக்கு மூன்று ஆக்‌ஷன். ஒன்றை மிருகத்துக்குக் கொடுத்தால், அது இரண்டு செய்யும். மொத்தத்தில் மூன்றுக்குப் பதில் நாலு. லாபம் உண்டு, ஆனால் இரட்டிப்பு இல்லை.

டி அண்ட் டியும் 2020இல் டாஷாவின் பெயரில் வந்த புத்தகத்தில் இதே பாதைக்கு வந்தது: நிலம், கடல், வானம் என்று மூன்று வகை மிருகம், கட்டளைக்கு முழு ஆக்‌ஷன் வேண்டாம், போனஸ் ஆக்‌ஷன் போதும். 2024இல் வந்த புதிய பிளேயர்ஸ் ஹாண்ட்புக்கிலும் இந்த வழிதான். உங்கள் மேசை இன்னும் 2014 புத்தகத்தில் இருந்தால், இன்றைக்கே இதுக்கு மாறுங்கோ. பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

மிச்சப் பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மணி செத்த இரவு

சில வருஷத்துக்கு முன்னால் நான் ஜி.எம். ஆக இருந்த ஒரு மேசை. 2014 விதி. ஒரு தங்கச்சி பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சர். அவளுடைய ஓநாய்க்குப் பெயர் மணி. வீட்டில் நாய் வளர்க்க அம்மா கடைசிவரை விடவில்லை. அதனால் கற்பனையில் ஒன்று வளர்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். மணி என்ன சாப்பிடும், யாரைக் கண்டால் உறுமும், இரவில் யாருடைய காலடியில் படுக்கும் என்பதெல்லாம் எங்கள் மேசையில் எல்லாருக்கும் தெரியும்.

ஐந்தாம் லெவல். ஒரு மந்திரவாதியோடு சண்டை. நான் ஃபயர்போல் போட்டேன். எட்டு ஆறுபக்க டைஸ், சராசரி 28 சேதம். 2014 விதியில் மணிக்கு ஹிட் பொயின்ட், லெவலின் நாலு மடங்கு, அதாவது 20. தப்புவதற்கு 20 பக்க டைஸில் 12 அல்லது மேலே விழ வேண்டும். விழவில்லை. மனிதர்கள் எல்லாரும் கரி பிடித்துப்போய், ஆனால் உயிரோடு நின்றார்கள்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "ஓநாய் செத்துப்போச்சு. சரி, அடுத்தது யார்?"

அவள் அதற்குப் பிறகு டைஸை உருட்டினாள், எண்ணைச் சொன்னாள், வேறு ஒன்றும் கதைக்கவில்லை. முடிந்து போகும்போது ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து, "எட்டு மணித்தியாலம் செலவழிச்சா வேற ஓநாய் ஒண்டைப் பழக்கலாம், விதியில இருக்கு" என்றேன். "அண்ணா, அது மணி இல்லை" என்றாள். அடுத்த இரண்டு கிழமை வரவில்லை.

நான் ஒரு விதியையும் மீறவில்லை. இருந்தும் பிழை என்னுடையதுதான். விதி எனக்கு ஒரு இடத்தில் கதவு திறந்து வைத்திருந்தது, நான் கவனிக்கவில்லை. பிளேயரின் கதாபாத்திரம் பூச்சியம் ஹிட் பொயின்ட்டுக்கு வந்தால் உடனே சாகாது. மயங்கி விழும், முறைக்கு முறை டைஸ் உருட்டும். மூன்று தரம் வென்றால் பிழைக்கும், மூன்று தரம் தோற்றால் சாகும். எதிரிகள் மட்டும் பொதுவாக உடனே சாவார்கள். ஆனால் கதைக்கு முக்கியமானவர்களுக்கு ஜி.எம். அந்த டைஸைக் கொடுக்கலாம் என்றும் புத்தகத்தில் இருக்கு. மணி கதைக்கு முக்கியமானது என்று மேசையில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு மட்டும் அது ஒரு தாளில் இருக்கிற 20 என்ற எண்ணாகத் தெரிந்தது.

யார் யாருக்கு நியாயம்?

அதற்குப் பிறகு எனக்கு விளங்கியது: மிருகத் துணை விஷயத்தில் நியாயம் மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவரை மறந்தாலும் மேசை சரியும்.

முதலில், மற்ற பிளேயர்கள். அவர்களுடைய நேரமும், அவர்களுடைய கதாபாத்திரத்தின் பெருமையும் ஓநாயால் களவு போகக்கூடாது. 3.5 பதிப்பு தவறவிட்டது இவர்களை.

இரண்டாவது, மிருகத்தின் சொந்தக்காரர். மிருகத்துக்காகவே அந்த வகுப்பைத் தேர்ந்தெடுத்தவரிடம், அது ஒரு அலங்காரம் என்று சொல்லக்கூடாது. லெவல் ஏற ஏற அதுவும் தாக்குப்பிடிக்க வேண்டும். 2014 விதி இவர்களைத்தான் மறந்தது. புது விதியில் ஐந்தாம் லெவல் நில மிருகத்துக்கு 30 ஹிட் பொயின்ட். சராசரி ஃபயர்போல் ஒன்றில் மணி இரண்டு பொயின்ட்டோடு நின்றிருக்கும். செத்தாலும், ஒரு மணித்தியாலத்துக்குள் ரேஞ்சர் அதைத் தொட்டு, ஒரு மந்திர ஸ்லொட்டைச் செலவழித்தால் ஒரு நிமிஷத்தில் முழு பலத்தோடு எழும்பும்.

மூன்றாவது, மிருகம். இல்லாத மிருகத்துக்கு என்ன நியாயம் என்று கேட்பீர்கள். இருக்கு. கதவுக்குப் பின்னால் பொறி இருக்கா என்று பார்க்க ஓநாயை முதலில் அனுப்புகிற மேசைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் ஓநாய் துணை இல்லை, நீளமான ஒரு தடி. ஒருக்கா அப்படிச் செய்தால், பிறகு அது செத்தாலும் ஒருவருக்கும் வலிக்காது. வலிக்காவிட்டால் அது கதையில் இல்லை என்றுதான் அர்த்தம்.

இந்த ஒரு விஷயத்தில் பழைய 3.5 பதிப்பிடம் படிக்க நிறைய இருக்கு. அதில் மிருகத்துக்கு வித்தை பழக்க வேண்டும்: வா, காவல் இரு, தாக்கு, தேடு. அறிவுப் புள்ளி ஒன்று இருக்கிற மிருகத்துக்கு மூன்று வித்தை, இரண்டு இருந்தால் ஆறு. 'தாக்கு' பழகிய நாய் மனிதரையும் மிருகத்தையும் தாக்கும். எழும்பி நடக்கிற பிணத்தைத் தாக்காது. அதுக்கு 'தாக்கு' வித்தையை இரட்டிப்பாகப் பழக்க வேண்டும். எவ்வளவு நல்ல யோசனை! நாய் நாயாகவே இருக்கு. அதுக்கும் பயம் இருக்கு.

ஒரு விஷயத்தைக் குழப்ப வேண்டாம்: மந்திரவாதி வைத்திருக்கிற ஆந்தை வேறு கணக்கு. ஐந்தாம் பதிப்பில் அது மிருக உருவம் எடுத்த ஒரு ஆவி. விழுந்தால் மறையும். ஒரு மணித்தியாலமும் பத்துப் பொற்காசுக்கு மூலிகை, சாம்பிராணி, கரியும் செலவழித்தால் திரும்ப வரும். அதை வேவு பார்க்க அனுப்பினால் பாவமில்லை. ஆனால் அதுக்கும் முதல் நியாயம் பொருந்தும். ஆந்தையால் தாக்க முடியாது, உதவி செய்ய முடியும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆளுக்கே உதவிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் முறைப்பார்கள். உதவியைச் சுற்றி எல்லாருக்கும் கொடுங்கோ.

முதல் நாளே கதைக்க வேண்டியவை

விளையாட்டுத் தொடங்க முதல் எல்லாரும் கூடிக் கதைக்கிற நாளுக்கு செஷன் ஸீரோ என்று பெயர். யாராவது மிருகத் துணை வைத்திருக்கப்போகிறார் என்றால், அன்றைக்கே கீழ்க்கண்டவற்றை முடிவு செய்யுங்கோ.

யாருடைய முறையில் ஓநாய் நகரும்? எங்கள் மேசையில் சொந்தக்காரரின் முறையிலேயே, அவருடைய நேரத்துக்குள்ளேயே. இரண்டு நிமிஷம் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம். மற்றவர் விளையாடும்போதே ஓநாய்க்கு என்ன செய்வது என்று யோசித்து வைக்க வேண்டும். அடிக்கிற டைஸையும் சேதத்தின் டைஸையும் சேர்த்தே உருட்டுங்கோ. ஓநாயின் எண்கள் எல்லாம் ஒரு சின்ன அட்டையில் கையோடு இருக்கட்டும். சண்டை நடுவில் புத்தகம் புரட்டக்கூடாது.

ஓநாயை யார் ஆட்டுகிறார்? சண்டையில் சொந்தக்காரர். சண்டைக்கு வெளியே அதன் குணத்தை ஜி.எம். கொஞ்சம் காட்டலாம்: ஒரு அந்நியனைப் பார்த்து உறுமலாம், மழையில் நடக்க மாட்டேன் என்று படுக்கலாம். ஆனால் ஜி.எம். அதை வைத்துப் பிளேயரைத் தண்டிக்கக்கூடாது. இன்னொன்று எங்களுக்கு நல்லா வேலை செய்தது: யாருடைய கதாபாத்திரமாவது மயங்கிக் கிடந்தால், அந்த ஆள் சும்மா இருக்காமல் ஓநாயை ஆட்டுவார். ஒன்லைனில் விளையாடுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். ரோல்20, ஃபவுண்ட்ரி இரண்டிலும் ஒரு டோக்கனை யார் யார் ஆட்டலாம் என்று ஜி.எம். குறித்துவிடலாம்.

எதிரிகள் ஓநாயை அடிப்பார்களா? 'ஒருநாளும் அடிக்க மாட்டார்கள்' என்றால் அது சாகாத கேடயம் ஆகிவிடும். எப்போதும் அதையே குறி வைத்தால் அது கொடுமை. பசித்த கரடி அடிக்கும். காசுக்கு வந்த அடியாள் கையில் வில்லோடு நிற்கிற மனிதனைத்தான் பார்ப்பான். எதிரிக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். பெரிய அடி வருமுன் ஒரு அறிகுறியும் காட்டுங்கோ: "மந்திரவாதியின் கையில நெருப்புத் திரளுது, கண் உங்கட கூட்டத்துக்கு நடுவில." பிளேயருக்கு ஓநாயை விலக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். அந்த ஒரு வசனத்தை அன்றைக்கு நான் சொல்லியிருந்தால், மணி பக்கத்து மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கும்.

விழுந்தால் என்ன நடக்கும்? எங்கள் வீட்டு விதி: பெயர் வைத்த மிருகம் மயங்கி விழும், பிளேயரின் கதாபாத்திரம் போலவே டைஸ் உருட்டும். செத்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் சாவை முறைக்கு நடுவில் ஒரு வசனத்தில் முடிக்க மாட்டேன். சண்டை முடிந்த பிறகு அதுக்கென்று ஐந்து நிமிஷம். பாத்ஃபைண்டரில் இறந்த துணைக்குப் பதில் இன்னொன்றைத் தேட ஒரு கிழமை ஓய்வு நேரம் வேண்டும், காசு வேண்டாம். கதையாகப் பார்த்தால், அந்த ஒரு கிழமை நல்லது. துக்கத்துக்கு இடம் இருக்கு.

மிருகத்துக்கு வலி வருவது யாருக்காவது தாங்காதா? இதை வெட்கப்படாமல் கேளுங்கோ. மொன்ட்டி குக் கேம்ஸ் 2019இல் இலவசமாக வெளியிட்ட சம்மதம் பற்றிய கையேட்டின் பட்டியலில், மிருகங்களுக்குத் தீங்கு என்பதும் ஒரு வரி. போன மாதம்தான் வீட்டு நாயைப் பறிகொடுத்த ஒருவர் உங்கள் மேசையில் இருக்கலாம். "எங்கட விளையாட்டில மிருகம் சாகாது, காயப்பட்டால் ஓடி ஒளிக்கும், பிறகு வரும்" என்று முடிவு செய்வது கோழைத்தனம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்து எடுத்த முடிவு என்றால் அதுவும் விதிதான்.

நேயருக்குப் பதில்

கேள்வி கேட்ட தம்பிக்கோ தங்கச்சிக்கோ: உங்கட ஜி.எம். அநியாயக்காரர் இல்லை. பழைய விதிப்புத்தகம் அப்படி. அடுத்த கிழமை கொஞ்சம் முந்திப் போய், புது விதிக்கு மாறலாமா என்று கேளுங்கோ. கேட்கும்போது, "என்ட ஓநாய்க்குக் கூடப் பலம் தாங்கோ" என்று தொடங்க வேண்டாம். "எல்லாரும் எடுக்கிற நேரத்துக்குள்ளேயே நான் இரண்டையும் முடிக்கிறன்" என்று தொடங்குங்கோ. மற்றப் பிளேயர்களும் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

மணியின் கதையின் மிச்சம்: மூன்றாவது கிழமை அவளுக்கு ஃபோன் எடுத்து, "பிழை என்னுடையது, திரும்ப அந்த இடத்தில இருந்து விளையாடுவம்" என்றேன். ஃபயர்போல் விழுந்ததை மாற்றவில்லை. மணிக்கு மட்டும் அந்த டைஸைக் கொடுத்தோம். மூன்றாவது வெற்றி விழுந்தபோது மேசையில் எல்லாரும் கத்திய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். மணி இப்போது ஒரு காதில்லாத ஓநாய். நெருப்பைக் கண்டால் பின்வாங்கும். அதை அவள்தான் தாளில் எழுதி வைத்தாள், நான் கேட்கவே இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்கள் மேசையில் இருக்கிற மிருகத்தின் பெயரை எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. பெயர் இன்னும் வைக்கவில்லை என்றால், முதலில் அதைச் செய்யுங்கோ.